கர்ப்பத்தில் எடை எவ்வளவு ஏறலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகப்பேறு ஓ.பி.யில் எடை பார்க்கும் மிஷினுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. மிஷினிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். ஆனால் ஒருவருக்குச் சொன்ன பதில் அவருக்குப் பின்னால் நிற்பவருக்குப் பொருந்தாது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, யாருக்கு எது பொருந்தும் என்று விளக்கியிருக்கிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதற்கு உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு காரணம் இருக்கும். அவர் சொன்னதையே கேளுங்கள்.

"ஒரு நம்பர் சொல்லிடுங்க மேடம், பத்து மாசத்துல மொத்தம் எத்தனை கிலோ ஏறணும்?"

எல்லோருக்கும் ஒரே நம்பர் கிடையாது. கர்ப்பம் தரிக்கும்போது உங்கள் எடை என்ன, உயரம் என்ன என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். 40 கிலோவில் கர்ப்பமானவருக்கு 14 கிலோ ஏறினால் நாங்கள் சந்தோஷப்படுவோம். 75 கிலோவில் கர்ப்பமானவருக்கு அதே 14 கிலோ ஏறினால் பிரஷர், சுகர் எல்லாவற்றையும் இன்னொரு முறை பார்க்கச் சொல்வோம்.

அக்காவுக்கு எவ்வளவு ஏறியது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு ஏறியது என்ற கணக்கெல்லாம் உங்களுக்கு உதவாது. முதலில் உங்கள் பி.எம்.ஐ.யைக் கணக்குப் போடுங்கள்.

"பி.எம்.ஐ.ன்னா என்ன? அதை நானே போட்டுப் பார்க்க முடியுமா?"

முடியும். செல்போன் கால்குலேட்டர் போதும். எடையைக் கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதே எண்ணால் ஒரு முறை பெருக்குங்கள். வரும் விடையால் எடையை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண். ஐந்தடி உயரம் என்றால் 1.52 மீட்டர். 1.52ஐ 1.52ஆல் பெருக்கினால் 2.31. எடை 50 கிலோ என்றால் 50ஐ 2.31ஆல் வகுக்க வேண்டும், 21.6 வரும்.

இங்கே போடவேண்டியது கர்ப்பத்துக்கு முந்தைய எடை. ஏழாம் மாதம் மிஷினில் ஏறி நின்று, அந்த எடையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு "எனக்கு 28 வருதே" என்று பயந்து வருகிறவர்கள் நிறைய. அந்த 28க்குள் குழந்தை, பனிக்குட நீர் எல்லாம் சேர்ந்திருக்கிறது. அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

"சரி, என் பி.எம்.ஐ. வந்துடுச்சு. இப்ப எத்தனை கிலோ?"

அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009இல் வெளியிட்ட அளவுகளைத்தான் பல நாடுகளிலும் டாக்டர்கள் எடுத்தாளுகிறார்கள். பி.எம்.ஐ. 18.5க்குக் கீழே இருந்தால் 12.5 முதல் 18 கிலோ வரை ஏறலாம். 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5 கிலோ. 30க்கு மேலே போனால் 5 முதல் 9 கிலோ போதும். இதெல்லாம் வயிற்றில் ஒரு குழந்தை இருப்பவர்களுக்கு.

ஐந்தடிப் பெண்ணுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஏறக்குறைய 43 கிலோவுக்குக் கீழே இருந்தால் முதல் வகை. 43 முதல் 57 வரை இரண்டாவது. 58 முதல் 69 வரை மூன்றாவது. அதற்கு மேல் நான்காவது. அதிக எடையோடு தொடங்குகிறவரின் உடம்பில் சேமிப்பு ஏற்கெனவே இருப்பதால் அவருக்குப் புதிதாகச் சேர வேண்டியது குறைவு.

"கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்த எடைதான் தெரியும். அதுக்கப்புறம் மிஷின்ல நின்னதே இல்லை. என்ன செய்யறது?"

பெரும்பாலானவர்கள் நிலைமை இதுதான். முதல் மூன்று மாதத்தில் உடம்பு எடை பெரிதாக மாறாது. ஆகவே 12 வாரத்துக்குள் பதிவு செய்தபோது எழுதிய எடையையே தொடக்க எடையாக எடுத்துக்கொள்ளலாம். மசக்கையில் அதற்குள்ளேயே மூன்று நான்கு கிலோ குறைந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் மாதம்தான் முதல் முறை வந்தீர்கள் என்றால் பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். கம்பெனியில் செய்த மெடிக்கல் செக்கப், காய்ச்சலுக்குப் போனபோது டாக்டர் சீட்டின் மேல் எழுதிய எடை, எது கிடைத்தாலும் உதவும். ஒன்றுமே கிடைக்கவில்லையா? இனி வாரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தாலும் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

"குழந்தை மூணு கிலோதானே இருக்கும். மீதி எல்லாம் என் உடம்புல கொழுப்பாத்தான் சேருதா?"

இல்லை. 12.5 கிலோ ஏறிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதில் குழந்தை 3 முதல் 3.4 கிலோ. நஞ்சுக்கொடி 650 கிராம், பனிக்குட நீர் 800 கிராம். கர்ப்பப்பை மட்டும் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வளர்ந்திருக்கும். மார்பகம் 400 கிராம். ரத்தம் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருக்கும், திசுக்களில் தேங்கும் நீரும் ஏறக்குறைய அதே அளவு. இவையெல்லாம் போக மிச்சம் மூன்று கிலோவும் சொச்சமும்தான் கொழுப்பு.

அந்தக் கொழுப்பும் வீண் போகாது, பால் கொடுக்கும் மாதங்களுக்கான சேமிப்பு அது. பெரும்பகுதி ஏழாம் மாதத்துக்குள்ளேயே சேர்ந்துவிடும். அதன்பிறகு குழந்தை வேகமாக வளரும். 28 வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் கொஞ்சம் இருந்த குழந்தை, பிறக்கும்போது மூன்று கிலோவைத் தொடுகிறது.

"அட்டையில 10, 12 கிலோன்னு போட்டிருக்கு. நீங்க 16 வரைக்கும்னு சொல்றீங்க. எது சரி?"

இரண்டும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு பெண்களைப் பார்த்து எழுதியவை. நம் அரசு சுகாதாரப் பணியாளர்களுக்கான வழிகாட்டியில் 9 முதல் 11 கிலோ என்று இருக்கிறது. நம் ஊரில் பொதுவாகச் சொல்லப்படுவது 10 முதல் 12. உயரமும் எடையும் குறைவான இந்தியப் பெண்களை மனதில் வைத்து, கிராமத்தில் கணக்குப் போடாமலே சொல்ல வசதியாக வைத்த ஒரே அளவு அது. 2009 அமெரிக்க அளவு பி.எம்.ஐ. வாரியாகப் பிரித்தது.

என் கருத்தைக் கேட்டால், நடுத்தர பி.எம்.ஐ. உள்ள நம் ஊர்ப் பெண் 11, 12 கிலோ ஏறினால் இரண்டு கணக்குக்குமே ஏறக்குறைய பொருந்துகிறார். அவர் 16ஐ எட்டியே தீரவேண்டும் என்று பாடுபடத் தேவையில்லை. ஆனால் 39 கிலோ மெலிந்த பெண்ணிடம் "பத்து ஏறிடுச்சு, போதும்" என்று சொல்வதும், 80 கிலோ உள்ளவரிடம் "இன்னும் பத்து ஏறணும்" என்று சொல்வதும் தப்பு. ஒரே அளவை எல்லோருக்கும் சொல்வதில் உள்ள சிக்கல் இந்த இருவருக்கும்தான்.

"இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. கணக்கே வேறன்னு யூடியூப்ல சொல்றாங்களே?"

உண்மைதான். அதே பி.எம்.ஐ. உள்ள மேற்கத்தியர்களைவிட நம்மவர்களின் உடம்பில், குறிப்பாக வயிற்றைச் சுற்றி, கொழுப்பு அதிகம் இருக்கும். சுகரும் சீக்கிரம் வரும். அதனால் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று வரம்பைக் குறைத்தார்கள். இது வந்ததும் 2009இல்தான். ஆனால் கர்ப்ப கால எடைக்கான அமெரிக்க அளவு 25, 30 என்ற வரம்பை வைத்துத்தான் போடப்பட்டது. ஆசியப் பெண்களுக்கென்று தனிப் பட்டியல் அதில் இல்லை.

எனவே 23க்கும் 25க்கும் நடுவில் இருப்பவர்கள் இரண்டு கணக்குக்கும் இடையில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு 11.5க்குப் பக்கத்திலேயே நிறுத்தப் பாருங்கள் என்றும், சுகர் டெஸ்டைத் தவறவிடாதீர்கள் என்றும் சொல்வேன். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை நோய் இருந்தால் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

"மூணு மாசம் முடியுது, ரெண்டு கிலோ குறைஞ்சிருச்சு. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

பொதுவாக ஆகாது. முதல் மூன்று மாதத்தில் அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம், மசக்கையில் கொஞ்சம் குறையவும் செய்யலாம். 12 வாரக் குழந்தையின் எடை கிராமில்தான் இருக்கும். அதற்கு வேண்டியதை உங்கள் உடம்பு எப்படியும் எடுத்துக் கொடுத்துவிடும். இந்த நேரத்தில் எது வயிற்றில் தங்குகிறதோ அதைச் சாப்பிடுங்கள். காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே பொரியோ ரஸ்க்கோ இரண்டு வாய், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. தயிர் சாதம் மட்டும்தான் இறங்குகிறது என்றால் தயிர் சாதமே சாப்பிடுங்கள். காய்கறிப் பட்டியலை நான்காம் மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். 50 கிலோ இருந்தவருக்கு அது இரண்டரைக் கிலோ. டிரிப்ஸ் தேவைப்படலாம். வாந்திக்குக் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"நாலாம் மாசத்துலேர்ந்து வாரத்துக்கு எவ்வளவு ஏறணும்?"

மெலிந்தவருக்கு அரைக் கிலோ. நடுத்தர எடைக்கு 400 கிராம். பி.எம்.ஐ. 25ஐத் தாண்டியவருக்கு 300 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. 30ஐத் தாண்டியவருக்கு 200 கிராமும் கொஞ்சமும். மொத்தக் கணக்கைவிட இதைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். மொத்தம் சரியாக வந்ததா என்பது பிரசவம் முடிந்தபிறகுதான் தெரியும். வார வேகம் எங்கே மாறுகிறது என்று பார்த்தால் நடுவிலேயே சரிசெய்யலாம்.

ஒரு வாரம் ஏறாமல் அடுத்த வாரம் 800 கிராம் ஏறுவது சகஜம். நான்கு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

"வீட்டு மிஷின்ல ஒண்ணு, ஆஸ்பத்திரி மிஷின்ல ஒண்ணு காட்டுது..."

காட்டும். எந்த மிஷினில் தொடங்கினீர்களோ அதிலேயே தொடர்ந்து பாருங்கள். வாரம் ஒரு நாள், காலையில், சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், லேசான உடையில். தினமும் பார்க்காதீர்கள், மனசுதான் கெடும். வளைகாப்பு முடிந்த கையோடு பட்டுப் புடவையும் இரண்டு கை நிறைய வளையலுமாக ஓ.பி.க்கு வந்து, ஒன்றரைக் கிலோ கூடிவிட்டதென்று அழுதவர்கள் உண்டு.

"ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடணும்னு மாமியார் தட்டுல போட்டுக்கிட்டே இருக்காங்க."

அவர்கள் பாசத்தில் போடுகிறார்கள், அவர்கள் காலத்தில் அது தேவையாகவும் இருந்திருக்கும். ஆனால் கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது நாளைக்கு 350 கலோரி என்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் திருத்திய கணக்கு. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம் சேர்த்தாலே அது வந்துவிடும். இன்னொரு முழுச் சாப்பாடு வேண்டியதில்லை.

உண்மையில் கூட வேண்டியது புரதம். நான்காம் மாதத்திலிருந்து நாளைக்கு ஒன்பதரை கிராம் கூடுதல், ஏழாம் மாதத்திலிருந்து 22 கிராம் கூடுதல். நம் வீடுகளில் வழக்கமாகத் தட்டில் கூடுவது சாதம்தான். அதற்குப் பதிலாக ஒரு முட்டை வைத்தால் ஆறு கிராம் புரதம், ஒரு டம்ளர் பாலில் இன்னொரு ஆறு, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு. மாலையில் பஜ்ஜிக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். மாமியாரிடம் "இன்னும் கொஞ்சம் சுண்டல் போடுங்க அத்தை" என்று கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் திருப்தி.

"ஒன்பதாம் மாசம் நெய் நிறைய சாப்பிட்டா குழந்தை வழுக்கிக்கிட்டு வந்துடுமாமே?"

நெய் போவது இரைப்பைக்கு. குழந்தை இருப்பது கர்ப்பப்பையில். இரண்டுக்கும் வழி கிடையாது. ஒரு மேஜைக்கரண்டி நெய் ஏறக்குறைய 130 கலோரி, மூன்று கரண்டி ஊற்றினால் முந்தைய பதிலில் சொன்ன 350ஐத் தாண்டிவிடும். மெலிந்தவர்கள் சாதத்தில் ஒரு கரண்டி தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஒரு டீஸ்பூன் மணத்துக்குப் போதும்.

"நான் 39 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறவே மாட்டேங்குது."

முதலில் "எவ்வளவு" என்பதைப் பார்க்க வேண்டும். காலையில் மூன்று இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு இரண்டு தோசை என்பதைப் பலர் நிறையச் சாப்பிடுவதாக நினைக்கிறார்கள். வயிறு நிறைகிறது, ஆனால் சத்து அடர்த்தி இல்லை. வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுகிறவர்கள் மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரிக்க வேண்டும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சாமல் உருண்டையாகப் பிடித்தால் சின்ன அளவில் அதிகக் கலோரி உள்ளே போகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிடைக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தை வாங்கிக்கொண்டு, அதிலுள்ள பேரீச்சம்பழத்தையும் நெய்யையும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்கு வைக்கும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பெட்டகம் உங்களுக்காகக் கொடுத்தது.

அப்படியும் ஏறவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். ரத்தசோகை இருந்தால் பசியே எடுக்காது. குடல்புழு இருக்கலாம், அதற்கு நான்காம் மாதத்துக்கு மேல் ஒரே ஒரு மாத்திரை தருவார்கள். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் எடை ஏறாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனையும் செய்வார்கள். மெலிந்த தாய்க்கு எடை ஏறாமலே போனால் குறைப் பிரசவத்துக்கும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதால் "எங்க பரம்பரையே ஒல்லி" என்று விட்டுவிட முடியாது.

"நான் ஏற்கெனவே 82 கிலோ. இந்தப் பத்து மாசம் டயட் இருந்து குறைச்சா நல்லதுதானே?"

வேண்டாம். எடையைக் குறைக்கும் டயட்டுக்கு இது நேரமில்லை. சாப்பாட்டை வெட்டினால் உடம்பு கொழுப்பை எரிக்கும், அப்போது கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் கூடும், அது குழந்தைக்கு நல்லதில்லை. வெள்ளிக்கிழமை விரதமும் இதில் சேர்த்திதான். உங்கள் வகைக்கு 5 முதல் 9 கிலோ என்று மேலே சொன்னேன். அந்த 5 கிலோவில் பெரும்பகுதி குழந்தை, நஞ்சு, நீர் என்றே போய்விடுகிறது. ஆக உங்கள் கொழுப்பு ஒன்றும் கூடாது.

செய்ய வேண்டியதெல்லாம் கூடுதல் வேகத்தைத் தடுப்பது. ஜூஸ், ஹார்லிக்ஸ், பிஸ்கட், பேக்கரி ஐட்டங்களை நிறுத்தினாலே பலருக்கு வார வேகம் சரியாகிவிடும். தட்டில் சாதத்தைக் கால் பங்காக்கி, காய் பாதித் தட்டு, பருப்பு, மீன், முட்டை மீதி. டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை என்றால் நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடை. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

பழைய விதியில் இந்த வகைக்கு மேல் வரம்பே இல்லாமல் இருந்தது. 1990இல் அமெரிக்காவில் வந்த அளவு "குறைந்தது 6.8 கிலோ" என்று மட்டுமே சொன்னது. 2009இல்தான் 9 கிலோவோடு நிறுத்தச் சொன்னார்கள்.

"நான் குள்ளம், நாலடி பத்தங்குலம். எனக்கும் அதே கணக்கா?"

அதே கணக்குத்தான். 1990 விதியில் உயரம் குறைந்தவர்கள் குறைந்தபட்ச அளவோடு நிற்கட்டும் என்றிருந்தது, 2009இல் அதை எடுத்துவிட்டார்கள். பி.எம்.ஐ. போடும்போதே உயரம் உள்ளே வந்துவிடுகிறது.

"கம்மியா சாப்பிட்டா குழந்தை சின்னதா இருக்கும், சுகப்பிரசவம் ஆகும்னு பாட்டி சொல்றாங்க."

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இத்தனை தலைமுறையாக நிலைத்திருக்கிறது. அளவுக்கு மீறி எடை ஏறினால் குழந்தை பெரிதாகவும், சிசேரியனாகவும் வாய்ப்பு கூடுவது நிஜம். ஆனால் அதைத் தடுக்கிறேன் என்று பட்டினி கிடந்தால் குழந்தையின் உடம்பிலுள்ள சேமிப்புதான் முதலில் குறைகிறது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்குச் சூடு தங்காது, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும், தொற்று சுலபமாகப் பிடிக்கும், பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது. இன்குபேட்டரில் வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் தாயிடம் சுகப்பிரசவத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

குழந்தை மிகப் பெரிதாவதற்கு முக்கியக் காரணம் கட்டுப்பாட்டில் இல்லாத சுகர். பயப்படுகிறவர்கள் சாப்பாட்டை விடாமல் சுகர் டெஸ்டைச் செய்யுங்கள். முதல் வருகையில் ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒரு முறை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள்.

"சுகர் இருக்குன்னு சொன்னாங்க. சாப்பாட்டை மாத்தினதுலேர்ந்து எடை ஏறவே இல்லை, ஒரு கிலோ குறைஞ்சும் போச்சு."

சர்க்கரை, மைதா, கூடுதல் சாதம் எல்லாம் ஒரே நாளில் நின்றால் முதல் வாரம், இரண்டாம் வாரம் இப்படி ஆவது உண்டு. உடம்பில் தேங்கிய நீரும் குறையும். அதற்காகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

ஆனால் பயத்தில் சோற்றையே ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு சப்பாத்தியோடு இரவை முடித்துவிட்டு, காலையில் சுகர் 80 என்று பெருமையாகக் காட்டுவார்கள். மூன்றாவது வாரமும் எடை இறங்கினால், சாப்பிடுவதை அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சாப்பாடு போதுமான அளவு சாப்பிட்டுவிட்டு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பது, மருந்து வேண்டாம் என்று பட்டினி கிடப்பதைவிட எவ்வளவோ மேல். தொடக்க எடை அதிகமாக இருந்தவருக்கும் மெலிந்தவருக்கும் இதில் அவசரம் ஒன்றல்ல. மெலிந்தவர் மூன்றாவது வாரம் வரை காத்திருக்கக் கூடாது.

"ஒரே மாசத்துல நாலு கிலோ ஏறிடுச்சு. நான் அவ்வளவு சாப்பிடவே இல்லையே?"

இதைத்தான் நான் எப்போதும் முதலில் பார்க்கச் சொல்வது. சாப்பாட்டைப் பற்றிப் பேசும் முன் பிரஷர் பாருங்கள். மாதம் மூன்று கிலோவுக்கு மேல் ஏறினால் பிரஷர், சிறுநீரில் புரதம், சுகர் மூன்றையும் பார்க்க வேண்டும், இரட்டைக் குழந்தையா என்றும் சந்தேகிக்க வேண்டும் என்பது கிராம சுகாதார செவிலியர்களுக்கே சொல்லித்தரப்படும் விதி. திடீரென ஏறும் எடை பெரும்பாலும் நீர்.

மாலையில் கணுக்கால் வீங்கி, படுத்து எழுந்தால் வற்றிவிடுகிறது என்றால் அது சாதாரணம். காலையில் எழும்போதே முகமும் விரல்களும் வீங்கியிருக்கிறது, மோதிரம் கழற்ற வரவில்லை, விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி என்றால் அடுத்த செக்கப் தேதி வரை பொறுக்காமல் அன்றே போங்கள், ராத்திரி என்றாலும் போங்கள். 20 வாரத்துக்கு மேல் பிரஷர் 140/90ஐத் தொட்டாலே ஆஸ்பத்திரியில் பார்க்கவேண்டிய விஷயம். உப்பைக் குறைத்து, பார்லித் தண்ணீர் குடித்து வீட்டில் சமாளிக்கக் கூடியது அல்ல.

"எடை ஏறலை, ஆனா ஸ்கேன்ல குழந்தை நல்லா இருக்காம். அப்புறம் என்ன?"

அதிக எடையோடு தொடங்கியவர் என்றால் நிம்மதியாக இருக்கலாம். மெலிந்தவர் என்றால் பாதி நிம்மதி. ஸ்கேனில் சொல்லும் குழந்தை எடை ஒரு மதிப்பீடுதான், நூற்றுக்கு பத்து பதினைந்து பங்கு முன்பின் இருக்கும். இரண்டரைக் கிலோ என்று போட்டிருந்தால் அது இரண்டேகாலாகவும் இருக்கலாம். ஒரு ஸ்கேனைவிட, மூன்று நான்கு வார இடைவெளியில் எடுத்த இரண்டு ஸ்கேனில் வளர்ச்சி தொடர்கிறதா என்பதுதான் உபயோகமான தகவல். 37 வாரத்துக்கு மேல் தாயின் எடை ஏறாமல் நின்றுபோவதும் சகஜம். அப்போது குழந்தையின் அசைவைக் கவனியுங்கள். அசைவு குறைந்த மாதிரித் தோன்றினால் எடையைப் பற்றி யோசிக்காமல் கிளம்பி வாருங்கள்.

"எனக்கு ட்வின்ஸ். ரெண்டு மடங்கு ஏறணுமா?"

இரண்டு மடங்கு இல்லை. நடுத்தர பி.எம்.ஐ.க்கு 17 முதல் 25 கிலோ, 25ஐத் தாண்டியவருக்கு 14 முதல் 23, 30ஐத் தாண்டியவருக்கு 11 முதல் 19. மெலிந்தவருக்கு இந்தப் பட்டியலில் அளவே கொடுக்கவில்லை, அவருக்கு டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் 17ஐ எட்டுவதே பலருக்குச் சிரமம், அதோடு இரட்டைப் பிரசவம் பத்து மாதம் வரை போவதும் குறைவு. அதனால் முதல் பாதியிலேயே, வாந்தி நின்ற கையோடு, எடையைச் சேர்க்கப் பாருங்கள். எட்டாம் மாதம் வயிற்றில் இடமே இருக்காது, நாலு வாய்க்கு மேல் இறங்காது. பிரஷர் பற்றி மேலே சொன்னது உங்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

"பிரசவம் ஆனதும் எல்லாம் இறங்கிடுமா?"

அன்றைக்கே ஐந்து கிலோ அளவுக்கு இறங்கும். குழந்தை, நஞ்சு, பனிக்குட நீர், கொஞ்சம் ரத்தம். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் தேங்கிய நீர் சிறுநீராகப் போகும். ஆறு வாரத்தில் கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கும். மிச்சம் நிற்பது கொழுப்பு, அது இறங்க மாதங்கள் ஆகும். தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் நாளைக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை, அதாவது கர்ப்பத்தில் தேவைப்பட்டதைவிட அதிகம். அதில் ஒரு பகுதியைச் சேமித்த கொழுப்பே கொடுத்துவிடும். பத்தியம் என்ற பெயரில் பருப்பும் காயும் இல்லாமல் வெறும் சோறும், கூடவே லேகியமும் நெய்யுமாக நாற்பது நாள் இருந்தால் எடை இறங்காமல் ஏறித்தான் போகும்.

"முதல் குழந்தைக்கு 15 கிலோ ஏறி நல்லபடியா பிறந்துச்சு. இப்ப ரெண்டாவது, இதுக்கும் 15 ஏறலாம்தானே?"

முதல் தடவை எத்தனை கிலோவில் தொடங்கினீர்கள், இப்போது எத்தனையில் தொடங்குகிறீர்கள் என்று பாருங்கள். ஐந்தடிப் பெண் ஒருவர் முதல் கர்ப்பத்தை 52 கிலோவில் தொடங்கினார் என்றால் பி.எம்.ஐ. 22.5, அவருக்கு 15 கிலோ வரம்புக்குள்தான். பிரசவத்துக்குப் பிறகு ஏழு கிலோ இறங்காமல் தங்கி, இப்போது 59இல் தொடங்கினால் பி.எம்.ஐ. 25.5. இந்த முறை அவருக்கு 7 முதல் 11.5 தான். உடம்பு ஒன்று, குழந்தையும் அதே அளவாக இருக்கலாம், வரம்பு மட்டும் மாறிவிட்டது.

இன்னும் கர்ப்பம் ஆகவில்லை, யோசித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால் இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, எடை அதிகம் என்றால் இப்போதே நான்கைந்து கிலோ குறைப்பதுதான். மெலிந்தவர் என்றால் இப்போதே ஏற்றிக்கொள்வது. குறைந்தது ஒன்றரை வருடம் இடைவெளி விட்டால் அதற்கு நேரமும் கிடைக்கும், ரத்தசோகையும் சரியாகும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பம் தரிக்க முயலும் மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.